போகலாமா, வேண்டாமா?

பிரயாணம் புறப்படுமுன் நம் முன்னோர்கள் எத்தனையோ விஷயங்களைக் கவனித்தார்கள். சூலம் எந்தத் திசையில் இருக்கிறது, ராகு காலம் எப்போது கழிகிறது, பல்லி எந்தச் சுவரில் சொல்கிறது, எதிரே வருவது பால் குடமா எண்ணெய்க் குடமா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் வாசற்படி இறங்குவார்கள். நாமும் கலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கியவராதலால் இவற்றையெல்லாம் எண்ணிச் சிரித்ததுண்டு. ஆனால் 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் சில தினங்கள், நம் வீட்டில் எல்லாரும் கண் விழித்ததும் முதற் காரியமாகப் பார்த்தது என்ன தெரியுமா? எந்தெந்த விமான நிலையங்கள் மூடியிருக்கின்றன என்னும் ஜாபிதாவைத்தான்! பல்லியாவது ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். இந்த ஜாபிதாவோ வேளைக்கு வேளை நீண்டுகொண்டே போயிற்று.

நாம் சரித்திர பாடம் சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயர். உபாத்தியாயர்களுக்கு ஊர் சுற்ற அகப்படுவது மே மாதம் ஒன்றுதான். அந்த வருஷம் மூன்று பேருடைய ஆசைகளை ஒரே பிரயாணத்தில் தீர்த்து வைப்பதாகத் திட்டம் போட்டிருந்தோம். பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த குமாரத்திக்கு டில்லி. எழுபத்திரண்டு வயதான தாயாருக்கு ஹரித்வாரத்தில் கங்கா ஸ்நானம். நமக்கு அமிருதசரஸ். இருபது வருஷமாக வகுப்பிலே 1919-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதியைப் பற்றித் தொண்டை வற்றப் பேசியிருக்கிறோம். ஜாலியன்வாலாபாக் தோட்டத்துக்குள் போகும் அந்தக் குறுகிய வழியை ஒரு தடவையாவது நடந்து பார்த்ததில்லை. நம் சகதர்மிணி தனக்கென்று தனியாக ஆசை ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் டில்லியில் சால்வைக் கடைகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று விசாரித்து வைத்திருந்தாள்.

இவற்றுள் தாயாரின் ஆசைதான் மிகவும் பழையது. நம் தகப்பனார் இருந்த காலத்திலேயே போவதாக இருந்து, முழங்கால் வலியால் தள்ளிப் போயிற்று. தகப்பனாரும் காலமாகிவிட்டார். முந்தின வருஷந்தான் இரண்டு முழங்கால்களுக்கும் சத்திர சிகிச்சை நடந்து, உலோக மூட்டுகள் பொருத்தினார்கள். அதன் பிறகு தினமும் காலையில் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினார். "இன்றைக்கு எத்தனை நடை, அம்மா?" என்று கேட்டால், "கங்கையில் இறங்குகிற வரைக்கும் வந்துவிட்டேன்; ஏறுகிறதுதான் பாக்கி" என்பார்.

இந்த நிலைமையில்தான் ஏப்ரல் 22-ஆம் தேதி, காஷ்மீரத்தில் பஹல்காம் என்னுமிடத்தில், உல்லாசமாகப் பொழுது போக்க வந்தவர்கள் உள்பட 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 7-ஆம் தேதி விடியுமுன் நமது படைகள் பதிலடி கொடுத்தன. உடனே வடக்கிலும் மேற்கிலும் விமான நிலையங்கள் மூடப்பட்டன. ஸ்ரீநகர், ஜம்மு, லே, சண்டிகர், ஜோத்பூர் என்று வளர்ந்து, கடைசியில் 32 ஆயிற்று. அமிருதசரஸும் அந்த ஜாபிதாவில் இருந்தது. டில்லி இல்லை. ஆனால் தேசம் முழுவதிலும் எல்லா நிலையங்களுக்கும் புது உத்தரவு பிறந்தது. வழக்கமான சோதனை முடிந்தவர்களையும் விமானத்தில் ஏறும் இடத்தில் மறுபடி ஒரு முறை சோதிப்பார்கள். வழியனுப்ப வருகிறவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. விமானக் கம்பெனிகளோ, மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும், புறப்படும் நேரத்துக்கு 75 நிமிஷம் முன்பே பதிவு மேஜையை மூடிவிடுவோம் என்று அறிவித்தன.

நமக்கு டிக்கெட் மே 14-ஆம் தேதிக்கு. மே 9-ஆம் தேதி இரவு, சாப்பாடு ஆனதும், கூடத்தில் மந்திராலோசனை கூடிற்று. தாம்பரத்திலிருந்து நம் மைத்துனரும் வந்திருந்தார்.

"மாப்பிள்ளை, நான் சொல்கிறேன் என்று வருத்தப்படக் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதனை போடுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? உள்ளே ஏதோ அபாயம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க வேண்டுமா?" என்றார் அவர்.

"அப்படியானால் பூட்டுப் போட்ட வீட்டில்தான் திருடன் இருப்பான் என்பீர்களா, மாமா?" என்று கேட்டாள் குமாரத்தி.

நம் சகதர்மிணி கணக்கில் கெட்டிக்காரி. "ரெயிலில் போனால் என்ன?" என்று ஆரம்பித்து, தானே அதற்குப் பதிலும் சொன்னாள். டில்லி ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் தூரம். வேகமான வண்டியிலும் ஒரு பகல், ஓர் இரவு, மேலும் சில மணி நேரம் ஆகும். மே மாதத்து நாகபுரி வெயில் வேறே. புது முழங்காலை மடக்கிக்கொண்டு அத்தை அவ்வளவு நேரம் உட்கார முடியாது. அன்றியும் கோடை விடுமுறையில் நாலு நாளைக்கு முன்னால் படுக்கை இடத்துக்கு எங்கே போவது? ஆகவே விமானம், இல்லாவிட்டால் வீடு. இரண்டில் ஒன்றுதான்.

மைத்துனர் சொன்னதை நாம் அலட்சியம் செய்யவில்லை. சோதனையைக் கண்டு பயப்படுவதா, தைரியம் கொள்வதா என்பது நியாயமான கேள்விதான். சரித்திர உபாத்தியாயருக்குத் தெரிந்த வழி ஒன்றே: ஒரு வழக்கம் எப்போது பிறந்தது என்று பார்ப்பது. ஒரு காகிதத்தில் எழுதினோம்.

1976-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி, டில்லியிலிருந்து புறப்பட்ட விமானத்தை லாகூருக்குக் கடத்திச் சென்றார்கள். அதன் விளைவாக 1978-இல் விமானப் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. 1985-ஆம் வருஷம் ஜூன் 23-ஆம் தேதி கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேலே வெடித்து 329 பேர் மாண்டார்கள். வெடிகுண்டு இருந்த பெட்டி விமானத்தில் ஏறிற்று. பெட்டியைக் கொடுத்தவன் ஏறவில்லை. பெட்டிக்கு உடையவர் ஏறாவிட்டால் பெட்டியும் ஏறக்கூடாது என்னும் விதியை உலகம் உறுதியாகப் பற்றிக்கொண்டது அதன் பிறகுதான். 1987-இல் அந்தப் பாதுகாப்புப் பிரிவு தனி இலாகாவாயிற்று. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து வந்த விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதற்குப் பிறகே, 2000-ஆம் வருஷம் ஜெய்ப்பூரில் தொடங்கி, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் நிலையங்களில் காவலுக்கு வந்தார்கள். 2001 டிசம்பரில் ஒருவன் பாதரட்சையில் வெடிமருந்து வைத்துக்கொண்டு வந்தான். உலகம் முழுவதும் பாதரட்சையைச் சந்தேகிக்க ஆரம்பித்தார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில், பானப் புட்டிகளில் வெடி திரவம் கொண்டுபோகும் சதி வெளிப்பட்டது. வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட புட்டி கூடாது என்பது அதிலிருந்து வந்தது.

இதை நாம் உரக்கப் படித்து முடித்ததும், அதுவரையில் பேசாதிருந்த தாயார், "மீனம்பாக்கத்தை விட்டுவிட்டாயே?" என்றார்.

உண்மைதான். 1984-ஆம் வருஷம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு, நம்முடைய மீனம்பாக்கத்திலேயே பெட்டி வெடித்து முப்பது பேர் வரை உயிரிழந்தார்கள். கொழும்பு விமானத்துக்கென்று பதிவு செய்யப்பட்ட பெட்டிகள் அவை. பதிவு செய்தவன் விமானத்தில் ஏறவேயில்லை. அப்போது நாங்கள் பல்லாவரத்தில் குடியிருந்தோம். நமக்கு நாலு வயது. நமக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. தாயாருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

"உன்னைத் தூங்கப் பண்ணிவிட்டு அப்போதுதான் படுத்தேன். ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது. இடி என்றுதான் நினைத்தோம். மழையைக் காணோம். உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். விடிந்துதான் திரும்பினார். என்ன பார்த்தார் என்று சாகிற வரையில் சொல்லவில்லை" என்றார்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தாயாரே தொடர்ந்தார்: "அன்றைக்குப் பெட்டி இங்கே இருக்கிறது, ஆளை எங்கே காணோம் என்று யாராவது முன்னாலேயே கேட்டிருந்தால் அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். இப்போது கேட்கிறார்கள். கேட்கிறார்களே என்று நான் பயப்பட மாட்டேன். ஆனால் ஒன்றுடா. சண்டை நடக்கிற ஊருக்கு வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. அமிருதசரஸ் வேண்டாம்."

நம் ஆசைதான் முதலில் வெட்டுப்பட்டது! ஆயினும் தாயார் சொன்னதில், நாம் தேடிக்கொண்டிருந்த வழி அகப்பட்டுவிட்டது. அதுவரையில் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம். போகும் ஊர் பத்திரமானதா என்பது ஒரு கேள்வி. போகும் வழியில் சிரமம் அதிகமா என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்குச் சரியான விடை வராவிட்டால் வீட்டிலேயே இருக்க வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இரண்டாவதற்குச் சற்றுப் பொறுமை இருந்தால் போதும்.

அன்றிரவே மூன்று தீர்மானங்கள் எழுதினோம். அமிருதசரஸ் கைவிடப்பட்டது. மே 12-ஆம் தேதி வரையில் பொறுத்துப் பார்ப்பது. அதற்குள் டில்லி நிலையம் மூடினாலும், அரசாங்கத்தார் பிரயாணம் வேண்டாமென்று சொன்னாலும், டிக்கெட் பணம் போனால் போகிறதென்று விட்டுவிடுவது. போவதென்று ஏற்பட்டால், சோதனை எத்தனை இருந்தாலும் முணுமுணுக்காமல் உட்படுவது. மூன்றாவது தீர்மானம் நம்மை உத்தேசித்தே கொண்டுவரப்பட்டதென்று பிற்பாடு அறிந்தோம்.

மறுநாள், மே 10-ஆம் தேதி மாலை, சண்டை நின்றது. 12-ஆம் தேதி 32 நிலையங்களும் திறக்கப்பட்டன. "இனிமேல் அமிருதசரஸுக்கும் போகலாமே, அப்பா?" என்றாள் குமாரத்தி. நாம் சம்மதிக்கவில்லை. பல இரவுகள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஊர், முதலில் தூங்கி எழுந்திருக்கட்டும். விருந்தாளிகள் பிறகு போகலாம்.

புறப்படுமுன் வீட்டிலேயே ஓர் ஒத்திகை நடந்தது. குமாரத்தி காவல் உத்தியோகஸ்தராக இருந்து கைப்பைகளைச் சோதித்தாள். பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து பாக்குவெட்டி அகப்பட்டது! அது பெரிய பெட்டிக்குள் போயிற்று. அங்கேயிருந்து டெலிபோனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க் வெளியே வந்து கைப்பையில் ஏறிற்று. கூர்மையானது கீழே, பாட்டரி மேலே என்பது விதி. தாயாரின் முழங்கால்களைப் பற்றி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

காமராஜர் பெயர் தாங்கிய உள்நாட்டு நிலையத்தின் வாசலில் மைத்துனர் நின்றுவிட வேண்டியதாயிற்று. கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வேண்டாமென்று சொன்னவரும் அவர்தான்; விடியற்காலையில் வண்டி ஓட்டி வந்தவரும் அவர்தான்.

வரிசை நீளமாக இருந்தது. ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தது. தாயார் உலோகம் காட்டும் வாசலில் நுழைந்ததும் அது பலமாகக் கூவிற்று. திரை போட்ட அறைக்குள், காக்கி உடையணிந்த பெண் ஒருத்தி அவரை அழைத்துச் சென்றாள். குமாரத்தியும் தன் அரைகுறை ஹிந்தியோடு பின்னால் போனாள். சில நிமிஷத்தில் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தோம். பத்து நிமிஷமாயிற்று. நமக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்த சமயம், திரையை விலக்கிக்கொண்டு தாயார் வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. மூன்றாவது தீர்மானத்தை மறந்து நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தோம்.

"ஒன்றும் இல்லையடா. அந்தப் பெண்ணுக்குப் பதான்கோட் பக்கமாம். வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாளாம். நாலு ராத்திரி விளக்கே ஏற்றவில்லையாம். இவளானால் இங்கே நின்று என் முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். வலிக்கிறதா, மாதாஜி என்று கேட்கிறாள்" என்றார்.

விமானத்துக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோதனை. கேட்காமலே தாயார் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

ஹரித்வாரத்தில், ஹரி-கி-பௌரிப் படித்துறையில், நீரோட்டம் இழுத்துவிடாமல் பிடித்துக்கொள்ளச் சங்கிலிகள் போட்டிருக்கிறார்கள். ஒரு கையில் சங்கிலியையும் மறு கையில் மருமகளையும் பிடித்துக்கொண்டு தாயார் இறங்கினார். தண்ணீர் பனிக்கட்டி போல் இருந்தது. மூன்று முழுக்குப் போட்டார். பிறகு, யாரும் கை கொடுக்காமல், ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

சாயங்காலம் ஆரத்தி ஆனதும், இலைத் தொன்னையில் பூவும் திரியும் வைத்து விற்கிறவனிடம் தாயார் இரண்டு விளக்குகள் வாங்கினார். ஒன்று நம் தகப்பனாருக்கு என்பது கேளாமலே தெரிந்தது. மற்றது யாருக்கு என்று கேட்டோம்.

"அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும். பேரைக் கேட்க மறந்துவிட்டோமே!" என்றார்.

இரண்டு விளக்குகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சற்றுத் தூரம் போயின. பிறகு கூட்டத்தில் எது நம்முடையது என்று தெரியவில்லை.