இழுக்காத பிக்கப்பும் பின்வளவுப் பரலும்

2023 பங்குனியில் அப்பாவின் பழைய ஹைலக்ஸ் ஆனையிறவில் வைத்து எங்களைக் கைவிடப் பார்த்தது. கிளிநொச்சியிலிருந்து கத்தரிக்காயும் பயிற்றங்காயும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு பஸ். முந்துவதற்கு அப்பா மிதிக்க, வண்டி கொஞ்சம் யோசித்தது; பிறகு பின்னாலிருந்து ஆரோ இழுத்துப் பிடித்த மாதிரித் துடித்தது. எதிரே லொறி. திரும்பவும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒதுங்கினோம். சந்தை வரும்வரை ஒருத்தரும் கதைக்கவில்லை.

இன்னொரு வருத்தமும் இருந்தது. முந்தி லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடின வண்டி, இப்ப ஏழுகூடத் தருவதில்லை. கியூஆர் கோட்டைக் காட்டி, கிழமைக்கு இவ்வளவுதான் டீசல் என்று வாங்கின காலம். அந்த மூன்று கிலோமீற்றர் எங்களுக்குச் சின்ன விசயமில்லை.

கராஜில் பார்த்தவர் இரண்டையும் ஒன்றாக்கினார். "பம் போட்டுது. கழட்டிச் செய்யவேணும்." அவர் சொன்ன தொகை எங்கள் ஒரு வருசப் போர்டிங் காசுக்குக் கிட்ட வந்தது. அப்பா சங்கிலியை அடகு வைக்கலாமா என்று அம்மாவோடு குசுகுசுத்தது எங்களுக்கும் கேட்டது.

எங்களில் மூத்தது கலைப்பீடம், இளையது ஏ.எல். எழுதி முடித்த கையோடு வீட்டில். பம்பைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்! ஆனால் ஒன்று உறுத்தியது. நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடுது. லோட்டோடு வேகம் எடுக்கேக்கைதான் திணறுது. கரும்புகையும் இல்லை. அப்படியென்றால் டீசல் கூட எரியவில்லை, காணாமல்தான் போகுது. டீசல் காணாத எஞ்சின் எப்படிக் கூடக் குடிக்கும்? ஆக, வருத்தம் ஒன்றில்லை, இரண்டு.

பில்டரை மாற்றினோம். இரண்டு நாள் சுகம், பிறகு பழையபடி. பில்டருக்கு மேலே கையால் அமுக்குகிற பம்பின் தலை உள்ளுக்கு இழுபட்டபடியே நின்றது. பின்னால் எங்கேயோ அடைப்பு. தாங்கியிலிருந்து வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, ஐந்து லீற்றர் கானில் சுத்தமான டீசல் எடுத்து அதிலிருந்து பில்டருக்கு ரியூப் பூட்டினோம். மிஞ்சித் திரும்புகிற குழாயையும் கானுக்குள்ளேயே விட்டோம். கான் தம்பியின் மடியில், ரியூப் கண்ணாடியால் வெளியே. (செய்யவேண்டாம். அவனில் இரண்டு நாள் டீசல் மணத்தது.) பரந்தன் றோட்டில் அப்பா மிதித்தார். வண்டி பாய்ந்தது. பம்பில் ஒரு குறையும் இல்லை.

தாங்கியை இறக்கினால், உறிஞ்சுகிற குழாயின் வலையில் கறுப்புக் களி, அடியில் தண்ணீர். எங்கேயிருந்து வந்தது என்று யோசிக்கத் தேவையில்லை. 2022 இல் கியூவில் இரவு பகலாக நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த டீசலை அப்பா பின்வளவில் ஒரு பரலில் வைத்திருந்தார். டீசலைக் கனகாலம் வைத்தால் பரலுக்குள் ஈரம் வேர்த்து அடியில் தண்ணீராகும், அதில் கிருமி வளர்ந்து களி பிடிக்கும். கோட்டா முடிகிற கிழமைகளில் அதைத்தான் வண்டிக்கு விட்டிருக்கிறார்.

நாங்கள் கத்தவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓடின ஆள் அவர். ஒரு போத்தல் எண்ணெயைக்கூட அவரால் வெறுமனே பார்க்க ஏலாது.

மற்ற வருத்தம் லேசாகப் பிடிபட்டது. ஓடி வந்து நிறுத்தினதும் சில்லுகளைத் தொட்டுப் பார்த்தோம். பின் இடது சில்லில் கை வைக்க முடியவில்லை. ஜாக்கில் தூக்கினால் கையால் சுற்றுப்படாது. ஹாண்ட் பிரேக் வயர் துருப்பிடித்து இறுகி, பிரேக் சூ உரசியபடியே இருந்திருக்கு. கியூவில் ஹாண்ட் பிரேக் போட்டபடி நாள்கணக்காக நின்றதில் வந்த வினையாக இருக்கும் என்பது எங்கள் ஊகம். புது வயர், சூ, நான்கு ரயருக்கும் காற்று. பிறகு முழுத் தாங்கி அடித்து, ஓடி, திரும்ப முழுசாக அடித்துக் கணக்குப் பார்த்தோம்: ஒன்பதரை. சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருந்தது.

பரலில் இன்னும் அரைவாசிக்கு மேல் கிடக்கு. வண்டிக்கு விடக்கூடாது என்று சொன்னோம். அப்பா "ஓம் ஓம்" என்றார். அடுத்த லீவுக்குப் போனபோது பரலின் வாயில் புதுப் பொலித்தீன் இறுக்கிக் கட்டியிருந்தது.