வாந்தி நின்ற பிறகும் நிற்காத எரிச்சல்

1997 முதல் 2007 வரை பிரிட்டனின் துணைப் பிரதமராக இருந்தவர் ஜான் பிரெஸ்காட். வாட்டசாட்டமான ஆள். 2001 தேர்தல் பிரச்சாரத்தில் தன் மேல் முட்டை எறிந்தவருக்கு அங்கேயே ஒரு குத்து விட்டவர். அப்படிப்பட்டவர் 2008-ல், தனக்குப் பல வருடங்கள் புலிமியா இருந்தது என்று சொன்னபோது பலரும் ஆச்சரியப்பட்டார்கள். சிகிச்சைக்குப் போன இடத்தில் காத்திருந்தவர்கள் எல்லாம் இளம்பெண்களாம். ஆண் அவர் ஒருவர்தான்!

அது என்ன புலிமியா? கிரேக்க மொழியில் 'எருதுப் பசி' என்று பொருள். நாம் யானைப் பசி என்கிறோமே, அது போல. கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது, பிறகு எடை கூடிவிடும் என்ற பயத்தில் வாந்தி எடுப்பது. இது ஒரு மனநோய் என்று 1979-ல் தெளிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல். 30 நோயாளிகளைக் கவனித்து அவர் எழுதிய கட்டுரையில்தான் 'புலிமியா நெர்வோசா' என்ற பெயரே வந்தது.

சரி, நோய் குணமாகிவிட்டது. வாந்தி நின்று பத்து வருடம் ஆகிவிட்டது. அத்தோடு முடிந்ததா? சிலருக்கு முடிவதில்லை.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள ஒரு தசைக்குழாய். இரைப்பையில் சுரக்கும் அமிலத்தைத் தாங்க இரைப்பைச் சுவரில் தடித்த சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. அதற்கு முக்கியக் காவல், கீழே வாசல் போல இருக்கும் சுருக்குத்தசைதான். தினமும் வாந்தி எடுத்தால் அமிலம் அந்த வாசலைத் தாண்டி மேலே வந்துகொண்டே இருக்கும். உட்சுவர் புண்ணாகும். சில சமயம் கிழிந்து ரத்தம் வரும். இந்தக் கிழிசலை 1929-ல் விவரித்த மல்லரி, வைஸ் இருவரின் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். மிக அபூர்வமாகக் குழாயே வெடித்து உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு.

புண் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் சிலருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், தொண்டைக் கரகரப்பு, விழுங்கும்போது சிரமம் எல்லாம் தங்கிவிடுகின்றன. ஆறிய தழும்பு குழாயைக் குறுக்கிவிடுவதும் உண்டு. எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாமல் எரிச்சல் மட்டும் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல.

இங்கேதான் பெரிய சிக்கல். "காரம் அதிகமா சாப்பிடுவீங்களா?" என்று மருத்துவர் கேட்பார். "ஆமா டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். பழைய கதையைச் சொல்ல வெட்கம். கல்யாணம் ஆன பிறகு கணவனுக்கோ மனைவிக்கோ கூடத் தெரியாமல் வைத்திருக்கும் ரகசியத்தை, ஐந்து நிமிடம் பார்க்கும் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் சொல்லத்தான் வேண்டும். அதைச் சாதாரண அசிடிட்டி என்று நினைக்கும் மருத்துவர், "இதைச் சாப்பிடாதீங்க, அதைத் தொடாதீங்க" என்று ஒரு பட்டியல் கொடுப்பார். மற்றவர்களுக்கு அது வெறும் பத்தியம். புலிமியாவிலிருந்து மீண்டவருக்கு அதுவே பழைய பயத்தைத் திறந்துவிடும் சாவியாகலாம். சாப்பிட்டது தானாக மேலே வரும் உணர்வும் அப்படித்தான். முன்கதை தெரிந்தால் மருத்துவர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, தலைமாட்டை உயர்த்திக்கொள்வது என்று வேறு வழியில் போகலாம்.

உணவு நெஞ்சில் அடைத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ தள்ளிப்போடவே கூடாது. உடனே போக வேண்டும்.

"எனக்கு முன்னாடி புலிமியா இருந்துச்சு டாக்டர்." இவ்வளவுதான் வாக்கியம். சொல்லக் கஷ்டம்தான். ஆனால் அந்த நோயிலிருந்தே மீண்டு வந்தவருக்கு இது முடியாத காரியமா என்ன?