அம்பாசடருக்கு அடியில்

கோவை கணபதியில், லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்துக்குள் அந்த டிங்கரிங் பட்டறை இருக்கிறது. முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் தகரக் கொட்டகை, நடுவில் சக்கரங்கள் கழற்றப்பட்ட ஓர் அம்பாசடர். எழுபதுகளின் பின்பாதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து வந்த மார்க் 3. அதற்கடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் வண்டியை நோக்கி நடந்ததும் மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார். "அங்கயே நில்லுங்க. தம்பி வெளிய வரட்டும்."

அடியில் ஆள் இருக்கும்போது வெளியாள் யாரும் வண்டியைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். பழைய வண்டியைப் பார்த்ததும் ஆசையில் கதவைத் திறந்து சாத்துவோம், முன்னால் கை ஊன்றிக்கொண்டு பேசுவோம். வண்டி தரையில் நிற்கும்வரை இதெல்லாம் ஒன்றுமில்லை.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஆர்வம் இப்போது கூடியிருக்கிறது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது ஒரு காரணம். முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது இன்னொரு காரணம். தாத்தா வாங்கிய வண்டி, அப்பா ஓட்டிய வண்டி என்று கொட்டகையில் கிடந்தவையெல்லாம் வெளியே வருகின்றன. பெயின்ட் ஷேடு பற்றி ஓனர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். சீட் துணி, டேஷ்போர்டு, குரோம் பூச்சு என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் கேள்வி உண்டு. வண்டியின் அடியில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தவர்கள் பளபளப்பைச் சொல்லி மாய்ந்துபோவார்கள். அந்த மாதிரி ஒரு வண்டி மறுபடி நிமிர்ந்து நிற்க, அதற்குக் கீழே ஒருவர் வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்திருப்பார். அந்த வேலையைப் பார்க்கத்தான் நான் போனேன்.

அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்ற பிரிட்டிஷ் காரின் வழி வந்தது அது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைச் சுமக்கின்றன. சென்னையில் அறுபதுகளில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு சாதி. அதற்குச் சேசிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றிப் பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சேசிஸில் வேலை பார்க்கலாம். அம்பாசடரில் அது நடக்காது. துரு பிடித்த தரைத்தகட்டை வெட்டி எடுத்தால் வண்டியின் எலும்பையே வெட்டுகிறோம் என்று பொருள். எங்கே தாங்கி நிறுத்துவது என்ற கேள்வி கடினமாவது அதனால்தான்.

கம்பெனி சொன்ன இடத்தில் ஜாக்கி வைத்தால் போதாதா என்று கேட்டேன். மேஸ்திரி பதில் சொல்லாமல் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு குனிந்தார். கதவுக்குக் கீழே உள்ள பெட்டியை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். முதல் ஓரடிக்கு டங், டங் என்று கணீரென்ற சத்தம். பிறகு அது மந்தமானது. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வந்ததும், ஈர அட்டையில் தட்டியதுபோல் சத்தமே இல்லை. ஸ்குரூ டிரைவரை அங்கே வைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது செம்மண் நிறத்தில் துருப்பொடி கொட்டியது. "பெயின்டுதானுங்க தகடா நிக்குது. இங்க ஜாக்கி வெச்சா வண்டி மேல ஏறாது, ஜாக்கி உள்ள ஏறிடும்" என்றார்.

ஆகவே அவர் பாரத்தை வாங்குவது துரு எட்டாத கனமான இடங்களில். பின்பக்கம் ஆக்ஸில், அதைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் பாடியோடு சேரும் இடங்கள். முன்பக்கம் குறுக்குச் சட்டம். அதையும் தட்டிப் பார்த்த பிறகுதான் நம்புகிறார்.

தூக்கும் வரிசைக்கும் காரணம் இருக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் கை பிரேக் இருந்தும் இல்லாததுபோல. அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும், அவையோ அந்தரத்தில். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் அண்டை கொடுக்காமல் அங்கே ஜாக்கியின் கைப்பிடியை யாரும் தொடுவதில்லை. தூக்கியதும் ஸ்டாண்டு போட்டு, வண்டியை மெதுவாக இறக்கி, பாரம் முழுவதும் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு மேஸ்திரி வெளியே நின்று தோளால் வண்டியை இடித்து ஆட்டுகிறார். நிஜமான பலத்தோடுதான் ஆட்டுகிறார். விழுவதானால் இப்போதே விழட்டும் என்பது கணக்கு. அதற்குப் பிறகும் கழற்றிய சக்கரங்களைப் பாடிக்கு அடியில் படுக்கப் போடுகிறார்கள். ஸ்டாண்டு போனாலும் மனிதனுக்கு ஒரு முழ இடம் மிஞ்சும்.

ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெயின் அழுத்தத்தில் நிற்கிறது. அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையமும் ஒரு சின்ன வால்வும். ரப்பர் தேயும், வால்வில் ஒரு துணுக்கு அழுக்கு சிக்கினாலும் எண்ணெய் கசியும். அது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்குச் செய்ததல்ல. மேஸ்திரி வேலை பழகிய காலத்தில், வேறொரு பட்டறையில், ஐந்து நிமிஷ வேலைதானே என்று ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவர் அடியில் நுழைந்திருக்கிறார். வண்டி இறங்கியதில் தோள் எலும்பு நொறுங்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனது. தலைக்கு மேல் கை தூக்க முடியாதவருக்கு டிங்கரிங்கில் வேலை இல்லை. "அவுருகிட்டத்தானுங்க நான் தொழில் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி டீ சொல்லப் போனார்.

கடைகளில் விற்கும் ஸ்டாண்டுகளிலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பெரிய கருவி விற்பனை நிறுவனம் 2020-இல் 17 லட்சம் அளவில் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. உற்பத்தி அச்சு தேய்ந்ததில், பல்லில் கொக்கி ஆழமாக உட்காரவில்லை. பாரத்தோடு வண்டி அசைந்தால் நழுவக்கூடும் என்று தெரியவந்தது. கணபதி பட்டறையில் பல்வைத்த ஸ்டாண்டே கிடையாது. கனமான குழாய்க்குள் குழாய், குறுக்கே துளை, அதில் விரல் தடிமனுக்கு ஓர் இரும்பு முளை. பக்கத்து லேத்தில் சொல்லிச் செய்தது. முளை உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது பத்தடி தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது.

ஸ்டாண்டு போட முடியாத இடங்களுக்குக் கட்டை. பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை ஒரே நீளமாக அறுத்து வைத்திருக்கிறார்கள். கறிக்கடைகளில் வெட்டுக்கட்டையாகப் போடும் புளியமரத் துண்டுகளும் உண்டு. இரண்டு நீளவாக்கில், அதன்மேல் இரண்டு குறுக்குவாக்கில் என்று அடுக்கு. அடியின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம் போவதில்லை. சாலையோரப் பட்டறைகளில் செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி வண்டியை நிறுத்தியிருப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். சுவரில் அந்தக் கல் நீளத்துக்கும் பரவிய பாரத்தைத் தாங்கும். ஆக்ஸில் போல ஒரே புள்ளியில் அழுத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் வெடித்துத் தூளாகும். மரம் அப்படியில்லை. நசுங்கும், முனகும், விரிசல் விடும். அதற்குள் ஆள் உருண்டு வெளியே வந்துவிடலாம். மனிதன் அடியில் இருக்கும்போது கல்லை வைப்பதை நான் அலட்சியம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அது குற்றம்.

எனக்குப் புதிதாக இருந்தது முறுக்குக் கம்பி விஷயம். அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான எஃகுக் கம்பி ஒன்று ஒவ்வொரு பக்கமும் முன்சக்கரத்திலிருந்து தரைத்தகட்டின் அடியில் பின்னோக்கி ஓடி, முன் சீட்டுக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டத்தில் இறுகி நிற்கிறது. அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டிருப்பதால்தான் வண்டியின் முன்பக்கம் நிற்கிறது. துரு தின்ற அந்தச் சட்டத்தின் ஓரத்தைத் தெரியாமல் வெட்டினால், உள்ளே அடைந்திருக்கும் விசை ஒரே நொடியில் விடுபடும். ஆகவே தகட்டில் கிரைண்டர் படுவதற்கு முன் முறுக்கை இறக்கிவிடுகிறார்கள். அன்று அந்தக் கம்பிகள் துணியில் சுற்றி, இடது, வலது என்று சாக்பீஸால் எழுதி, சுவரோரம் சாத்தியிருந்தன. பெட்ரோல் டேங்க்கும் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்தது. காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெல்டிங் பொறிக்கு நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து.

தாங்கி நிறுத்துவதில் உயிர்ப் பாதுகாப்புக்கு அப்பால் இன்னொரு பயனும் உண்டு. கதவுக்குக் கீழ்ப் பெட்டியை வெட்டி எடுத்ததும் பாடி நடுவில் தொய்யப் பார்க்கும். ஒரு நூல் தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை வெல்டு வைத்துவிட்டால், பிறகு ஆயுளுக்கும் கதவு சேராது. அதனால் கதவுகளைக் கழற்றி, திறப்பின் குறுக்கே ஆங்கிள் வைத்து வெல்டு செய்கிறார்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பாடியின் நான்கு இடங்களில் தொங்கவிட்டு, முனை தொடும் இடங்களைச் சிமென்டுத் தரையில் ஆணியால் குறித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வேலை முடிந்து, குறிகள் சரியாக இருந்தால்தான் மறுபக்கத்தில் கை வைக்கிறார்கள். வண்டி கோணாமல் நிற்பதும் ஆள் நசுங்காமல் இருப்பதும் இங்கே ஒரே வேலைதான்.

இரண்டு தூண் லிஃப்ட் வாங்கலாமே என்று பலர் சொல்கிறார்களாம். அதன் நான்கு கைகளும் பிடிக்கும் இடம் பெரும்பாலும் அந்தத் துருப் பெட்டியின் பக்கம்தான். இன்ஜினை இறக்கிவிட்டால் முன்பக்கம் லேசாகி வண்டி பின்னால் சாயவும் பார்க்கும். நல்ல வண்டியைச் சர்வீஸ் செய்ய லிஃப்ட் அருமையான சாதனம். உளுத்த வண்டிக்கு மேஸ்திரி வைத்திருப்பது வேறு: வெறும் பாடியை முன்னும் பின்னும் போல்ட் போட்டுப் பிடித்து, அச்சில் கோர்த்து, பக்கவாட்டில் உருட்டும் இரும்புச் சட்டம். வெல்டர் அதில் நின்றபடி வேலை செய்யலாம். அந்த வெல்டர் அண்ணன் என்னிடம் தன் இடது காதைத் திருப்பிக் காட்டினார். காது மடலிலும் கழுத்திலும் மிளகு அளவில் வெள்ளைத் தழும்புகள். மல்லாந்து படுத்து வெல்டு வைத்த காலத்தில் உருகிய இரும்புத்துளி விழுந்தவை. "இந்தச் சட்டம் வந்ததுக்கப்புறம் புதுசா ஒண்ணுகூட இல்லீங்ணா" என்றார்.

சட்டம் என்றதும் இன்னொரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பளு தூக்கும் கருவிகளைத் தகுதியுள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவைத்தது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. நான்கைந்து பேர் வேலை செய்யும் டிங்கரிங் பட்டறை எந்தக் கணக்கிலும் தொழிற்சாலையாக வராது. அடியில் படுத்திருப்பவரின் உயிர், மேஸ்திரி எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்ததாக இருக்கிறது. இப்படி விட்டுவைத்திருப்பது நியாயமே இல்லை.

மேஸ்திரியின் பில்லில் 'முட்டு, கட்டை வேலை' என்று தனியாக ஒரு வரி உண்டு. அதைத்தான் ஓனர்கள் முதலில் குறைக்கச் சொல்கிறார்களாம். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருந்து, அதைப் பட்டறைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், பெயின்ட் ஷேடு கார்டை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால் ஒருமுறை குனிந்து, அங்கே நிற்கும் வேறு வண்டிகளுக்கு அடியில் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். செங்கல் தெரிந்தால் வேறு பட்டறை தேடுங்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் பேரம் பேசாதீர்கள். வாகனம் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கு இங்கே அரசு நல வாரியம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் அதில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். செய்யாவிட்டால், செய்ய உதவுங்கள்.