கடற்கரையில் யாம் கற்றது

கல்லூரியிற் பெறும் அறிவெல்லாம் ஏட்டினின்றே வருவதன்று. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாம், ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் விருப்பப் பாடமாகப் பயிலுமாறு, சென்ற ஆண்டு குமரி மாவட்டத்து மேலைக் கடற்கரையிலுள்ள எமது கிளை வளாகத்திற்குச் சென்றோம். அங்குப் பயின்றோர் ஒன்பதின்மரே. வகுப்பறை இரண்டு, ஒலிப்பதிவு அறை ஒன்று, ஓலை வேய்ந்த உணவுச்சாலை ஒன்று, மதிலுக்கப்பால் கடல், இவ்வளவே அவ்வளாகம். ஆங்கு யாம் பெற்ற அனுபவத்தை அன்பர்கட்குக் கூற விழைகின்றோம்.

நெய்தல் நிலத்தை முன்னரே நன்கறிவோம் என்னும் எண்ணம் எமக்கிருந்தது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதன் உரிப்பொருள் இரங்கல் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவரல்லமோ! ஆயின் அந்நெய்தல் எம் கருவிகளிடத்துச் சிறிதும் இரக்கம் காட்டவில்லை. உப்புக்காற்று இணைப்பு முனைகளிற் பச்சைக் களிம்பு ஏற்றிற்று. குளிரூட்டிய அறையினின்று காமிராவை வெளியே கொணர்ந்த மாத்திரத்தே அதன் கண்ணாடி வியர்த்தது; பையினுள்ளேயே அரைமணி நேரம் வைத்து வெளிவெப்பத்திற்குப் பழக்கிய பின்னரே படம் எடுத்தல் கூடிற்று. காற்றுக்கு அஞ்சி மைக்கிற்கு மென்மயிர் உறையொன்று அணிவித்தோம். அதனைத் தொலைவிற் கண்ட மீனவச் சிறுவர், யாம் பூனைக்குட்டியைக் கோலிற் கட்டித் திரிவதாக எண்ணி ஓடிவந்தனர். உறை காற்றின் இரைச்சலை ஒருவாறு அடக்கிற்று. அலையோசையோ அடங்கவில்லை. அது தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் ஒருங்கே விரவியது. மனிதர் குரலுக்குரிய இடத்திலும் அது பரந்து கிடத்தலின், குரலைக் கெடுக்காது அதனை நீக்குதல் அரிது.

எம் ஆசிரியர் முதன்முதற் கற்பித்த பாடம் எமக்கு நகைப்பை விளைத்தது. ஓரிடத்தில் பேச்சைப் பதிவு செய்தபின், எல்லாரும் வாய்மூடி நின்று, அவ்விடத்து அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்தல் வேண்டும் என்றார். அமைதியென்பது ஒன்றுமில்லாமையன்று, ஒவ்வோர் அறைக்கும் முற்றத்திற்கும் தனித்தனி அமைதி உண்டு, பேச்சை வெட்டி ஒட்டுமிடத்து அதனை இட்டு நிரப்பாவிடின், கேட்போர் செவிக்கு அவ்விடம் பள்ளம்போலத் தோன்றும் என்பது அவர் விளக்கம். வினாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து குறிக்கும் கருவி, ஒன்பதின்மர் மூச்சடக்கி நிற்பதை அளப்பது கண்டு யாம் சிரித்துவிட்டோம்; அதனால் அப்பதிவு பலகாற் கெட்டது.

மூன்றாந் திங்களில், அக்கரை மாந்தரைப் பற்றி ஐந்து நிமிட ஒலிச்சித்திரம் ஒன்று அமைக்குமாறு பணிக்கப்பெற்றோம். 2017 நவம்பர் 30-ஆம் நாள் குமரிக் கடலைக் கலக்கிய ஒக்கிப் புயலில் மகனை இழந்த மூதாட்டியார் ஒருவர் எம்மிடம் பேச இசைந்தார். பல நாள் முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தோர் பலர்க்கு அப்புயற்செய்தி உரிய காலத்தில் எட்டவில்லை என்பதை அன்பர்கள் அறிவர். அவர் மகனும் அங்ஙனம் சென்றவரே. உடலும் கரை சேரவில்லை. கருவாடு உலரும் முற்றத்தில் அமர்ந்து மூதாட்டியார் தெளிவாகவே பேசினார். மகன் புறப்பட்ட நாளைச் சொல்லுங்கால் நிறுத்தினார், கடலை நோக்கியிருந்தார். பின்னர் வலை விற்கும் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அறைக்குத் திரும்பி அளந்து பார்த்தோம். அம்மௌனம் 22 வினாடி. வானொலிக்கு மௌனம் ஆகாதென்று எங்கோ கேட்டிருந்தோம். நேரமும் ஐந்து நிமிடத்தை மீறியது. ஆதலின் அதனை முற்றும் வெட்டி, இருமுனைகளையும் பொருத்தி, இணைப்புப் புலப்படாதவாறு அம்முற்றத்தில் யாம் எடுத்துவைத்த அமைதியில் இரண்டு வினாடியை இட்டு நிரப்பினோம். எம் கைத்திறனை யாமே வியந்தோம்.

ஞாயிறு மாலை அவரை வளாகத்திற்கு அழைத்து ஒலிபெருக்கியிற் கேட்பித்தோம். முடிந்ததும் அவர், "மக்களே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல நான் ஒண்ணும் பேசாம இருந்தேனே, அது எங்கே?" என்றார்.

எம்மில் ஒருவரும் விடை கூறவில்லை. அவர் சொல்லிய சொற்கள் யாவும் அங்கிருந்தன; மகனைப் பற்றி அவர் உண்மையிற் கூறியது அந்த 22 வினாடியிலேதான் இருந்தது. எமது அமைதியைப் பாடத்தின்படி காத்துவைத்த யாம், அவரது அமைதியைக் குப்பையென எறிந்தோம். இரங்கல் என்று ஏட்டில் எழுதியவர், அஃது எதிரே வந்தமர்ந்தபோது அறியாது போயினோம்.

நல்வினையாக, கணிப்பொறியில் வெட்டுதல் மூலப்பதிவை அழிப்பதன்று. அன்றிரவே எம் முன்னுரையைக் குறைத்து, அம்மௌனத்தை இருந்த இடத்திற் சேர்த்தோம். அடுத்த ஞாயிறு மீண்டும் கேட்பித்தோம். "இப்ப சரி மக்களே" என்று சொல்லி, கருவாட்டை அள்ள நேரமாயிற்றென்று எழுந்து சென்றார்.

வளாகங்களிற் சமுதாய வானொலி அமைத்தற்கு 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் வழிகாட்டிற்று. மீனவர்க்கெனப் பாம்பனில் 2016-இல் 'கடல் ஓசை' தொடங்கிற்று. இத்தகைய நிலையங்களின் ஆற்றல் பொதுவாக 100 வாட்டே. அவற்றின் ஒலி ஆழ்கடலுக்கு எட்டாது. எனினும், படகு கரையை விடுமுன் காற்றின் நிலையைச் சொல்லுதற்கு அது போதும். எமது வளாகத்திலும் அத்தகையதொன்று அமைதல் வேண்டுமென்பது எம் விண்ணப்பம். அஃது அமையும் நாளில் அதனை நடத்தப்போகும் தம்பியர் தங்கையர்க்கு ஒன்று கூறி முடிப்போம்: ஒருவர் பேச்சில் எதையேனும் வெட்டுமுன், பேசியவரிடம் ஒருமுறை கேளுங்கள்.