குளக்கரைப் பாடம்

சங்கப் பாடல்களுக்கு உரை கண்டோர், பறவைப் பெயர்கள் சிலவற்றுக்கு ‘ஒருவகைப் பறவை’ என்று பொருள் எழுதி மேலே சென்றுவிடுவர். அகராதிகளும் பல இடங்களில் அவ்வாறே செய்கின்றன. தேர்வுக்கு அவ்விடை போதும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆயினும், பாடிய புலவனுக்கு அது வெறும் ‘ஒருவகைப் பறவை’ அன்று. எந்த நீரில் நிற்கும், எதை உண்ணும், எந்த மரத்தில் அடையும் என்பதையெல்லாம் அறிந்தே அவன் அதனைப் பெயர் சொல்லிப் பாடினான். அந்த அறிவு முற்றிலும் மறைந்துவிடவில்லை. நம் ஊர்க் குளக்கரைகளில் இன்னும் எஞ்சியிருக்கிறது. அதனைத் தேடிச் சென்றபோது நாம் கண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

ஐப்பசியும் கார்த்திகையும் நெல்லைச் சீமையில் குளங்கள் நிறையும் காலம். வடகிழக்குப் பருவமழையும் கால்வாய் நீரும் சேர்ந்து வறண்ட குளங்களை நிரப்புகின்றன. அதே வேளையில் வடபுலத்து ஏரிகள் குளிரால் உறையத் தொடங்கும். அங்கு இரை அருகும். ஆகவே பறவைகள் தெற்கு நோக்கி வலசை புறப்படுகின்றன. சில ஆண்டுகளாக இப்பருவத்து ஞாயிற்றுக்கிழமைகளில், நாமும் மாணவர் சிலரும் விடியுமுன் புறப்பட்டு, நெல்லை நகரத்து நயினார்குளத்திற்கும், நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்திற்கும், வழியிலுள்ள சிற்றூர்க் குளங்களுக்கும் சென்று வருகிறோம். அனைவருக்கும் சேர்த்து ஒரே தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு. நமது முதலீடு அவ்வளவே.

ஒரு சிற்றூர்க் குளத்தில் கரும்பறவைக் கூட்டம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அது யாதென்று மாணவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கையில், மடையருகே நின்ற முதியவர் ஒருவர், “நெத்தியில வெள்ளையா நாமம் போட்டிருக்கு பாருங்க தம்பி, அதான் நாமக்கோழி” என்றார். தொலைநோக்கியில் பார்த்தால், கரிய தலையில் அலகோடு ஒட்டி நெற்றி வரை வெண்மை பளிச்சிட்டது. அதன்பின் அப்பறவையை எவரும் மறக்கவில்லை.

அப்பெரியவர் தந்த திறவுகோலைக் கொண்டு பிற பெயர்களையும் திறந்து பார்த்தோம். உடலை நீருக்குள் அமிழ்த்தி, கழுத்தை மட்டும் பாம்புபோல் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. கணத்தில் மூழ்கி, எதிர்பாராத இடத்தில் தலைதூக்குவது முக்குளிப்பான். அகப்பை போன்ற அலகை நீரில் இப்புறமும் அப்புறமும் துழாவி இரை தேடுவது கரண்டிவாயன். அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரிய நிற்பது நத்தைகுத்தி நாரை. அதன் உணவு பெயரிலேயே இருக்கிறது. நீண்ட விரல்களை அகல விரித்துத் தாமரை இலைமேல் நடப்பது இலைக்கோழி. ஒவ்வொரு பெயரும் ஓர் உரையாசிரியன் செய்யவேண்டிய பணியை ஒரே சொல்லில் செய்து முடித்திருக்கிறது.

புலவர்களும் இவ்வாறே பார்த்தார்கள். நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர் அதன் அலகுக்கும் காலுக்கும் நிறம் சொன்னதோடு, அது துணையோடு குமரித்துறைக்கு வந்து வடதிசைக்கு மீளும் என்பதையும் குறித்தார். வலசையைக் கண்ணால் கண்டறிந்த சமூகத்தில் பிறந்த பாட்டு அது. குளக்கரைக்குச் சென்று வந்தபின் வகுப்பில் அப்பாட்டைப் படித்த மாணவர் கேட்ட வினாக்கள் வேறாக இருந்தன.

கூந்தன்குளத்தின் கதை இன்னும் பெரிது. சுமார் 129 ஹெக்டேர் பரப்புடைய இது 1994 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. எனினும் அங்குள்ள காவல் இவ்வறிவிப்புகளுக்கு மிகவும் முந்தியது. கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சமும் இரைச்சலும் மீன்நாற்றமும் உண்டு. ஊரார் முகம் சுளிப்பதில்லை. பறவைகள் அஞ்சும் என்று பண்டிகைக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. மத்திய ஆசியப் பகுதிகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து, இமயத்தைக் கடந்து இக்குளம் வரை வருகிறது. அது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறப்பதைக் கருவிகள் பொருத்தி ஆய்ந்தோர் பதிவு செய்துள்ளனர்.

ஆனால் எல்லாக் குளங்களுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. நீர் ஆழமாக நிறைந்தால் கூழைக்கடாவும் நீர்க்காகமும் வரும். வற்றிச் சேறு தெரியும்போது உள்ளானும் உப்புக்கொத்தியும் இறங்கும். கழிவுநீர் கலந்து ஆகாயத்தாமரை மூடிவிட்டால், திறந்த நீர்ப்பரப்பை நாடும் பறவைக்கு அங்கு இடமில்லை. நம் குறிப்பேட்டின் முதற்பக்கங்களில் நாமக்கோழி மிகுதியாகப் பதிவான நகர்ப்புறக் குளம் ஒன்றில், சென்ற கார்த்திகையில் ஒன்றைக்கூடக் காணவில்லை. அதன் கரையில் விளையாடிய சிறுவரிடம் அப்பெயரைச் சொன்னோம்; அவர்கள் கேட்டறியாத சொல்லாக அது இருந்தது. பறவை போனது, பெயரும் பின்தொடர்ந்தது. இனி யாரேனும் அச்சொல்லுக்குப் பொருள் எழுத நேர்ந்தால், ‘ஒருவகைப் பறவை’ என்றுதான் எழுதவேண்டியிருக்கும்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி பிறந்தது 1896 நவம்பர் 12. ஐப்பசித் திங்களின் இறுதி நாள்கள். 1933 ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளைக் களத்தில் சென்று ஆய்ந்த அவர், 1941 இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலால் எளியோரையும் பறவை நோக்கர்களாக்கினார். நம் மாவட்டத்திலும் 2011 ஆம் ஆண்டில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கப்பெற்றது. ஜனவரித் திங்களில் நிகழும் அப்பணியில் மாணவரும் தன்னார்வலரும் குளந்தோறும் சென்று எண்ணுகின்றனர். எண்ணிக்கை குறையும்போது, குளத்துக்கு வந்த நோய் வெளிப்பட்டுவிடுகிறது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் தனிப்பங்கு உண்டு. விலங்கியல் பயில்வோர் எண்ணட்டும். நாம் பெயர்களைச் சேர்ப்போம். இவ்விடுமுறையில் உங்கள் ஊர்க் குளத்திற்கு ஒரு விடியற்காலை செல்லுங்கள். மடைபார்ப்பவரிடமும் மீன் பிடிப்பவரிடமும் ஆடு மேய்ப்பவரிடமும், “அது என்ன பறவை?” என்று கேளுங்கள். சொன்ன பெயரை, சொன்னவாறே, ஊரும் நாளும் இட்டு எழுதி வாருங்கள். ஊர்ப் பெரியோர்களே, தங்கள் இளமையில் கண்ட பறவைகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் கரைக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். அத்தொகுப்பு நம் துறை நூலகத்தில் அகராதிக்குப் பக்கத்தில் வைக்கப்படும்.