கவரைப்பேட்டை ரோட்டில் பழைய ஜீப்பும் புது பேட்டரியும்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரிக்கு அடுத்த நிறுத்தம் கவரைப்பேட்டை. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஜி.என்.டி. ரோடு. காரனோடையில் கொசஸ்தலையாற்றுப் பாலம் தாண்டி, பஞ்செட்டி, தச்சூர் கூட்டுச்சாலை, புதுவாயல் என்று ஊர்கள் வந்து, பிறகு கவரைப்பேட்டை வரும். இங்கிருந்து மேற்கே சத்தியவேடு ரோடு பிரிகிறது. அதில் போனால் ஆந்திரா. கடைகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே பேசுவார்கள்.

வடக்கே சிப்காட் ஆலைகள், சுற்றிலும் நெல், சவுக்கு, மாந்தோப்பு. அதனால் சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றிப்போகும் லாரியும், சேறு பூசிய டிராக்டரும் ஒரே பட்டறை வாசலில் நிற்பதை இந்த ரோட்டில் பார்க்கலாம். பழைய ஜீப்புகளும் இன்னும் ஓடுகின்றன. அரசு ஏலத்தில் எடுத்தவை, கைமாறிக் கைமாறி வந்தவை. மழைக்காலத்தில் ஏரிக்கரை மேல் போக, தோப்புக்குள் உரமூட்டை இறக்க, நாலு சக்கரமும் இழுக்கிற அந்த வண்டிக்கு ஈடு கிடையாது.

'பழைய டீசல் ஜீப்புக்கு எந்த பேட்டரி வாங்கலாம்?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இந்த ரோட்டில் ஒரு பேட்டரி கடையில் நான் பார்த்ததே அவருக்குப் பதிலாக இருக்கும்.

அறுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர் ஜீப்பைத் தள்ளி ஸ்டார்ட் செய்து கொண்டுவந்திருந்தார். ஒரு வாரமாகச் செல்ஃப் எடுக்கவில்லை. லாரிக்குப் போடுகிற பெரிய பேட்டரியாக வாங்கிவிடுவது என்று முடிவோடு வந்திருந்தார்.

"பெருசா போட்டுட்டா தொல்ல உட்டுச்சு இல்ல தம்பி?"

"பழசு ஏன் செத்துச்சுன்னு மொதல்ல பாத்துரலாம் நைனா. இல்லன்னா புதுசும் அதே வழில போயிடும்."

கடைக்காரப் பையன் மீட்டரை எடுத்து வந்தான். இஞ்சினை ஓடவிட்டு பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் 12.3 வோல்ட்தான் காட்டியது. நன்றாகச் சார்ஜ் ஏறும் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை இருக்கவேண்டும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. எர்த் கேபிள் சேசிஸில் சேருமிடத்தில் பச்சை பூத்துப் போயிருந்தது. பெல்ட்டை இறுக்கி, கேபிள் முனையைச் சுரண்டிப் போட்டதும் 14.1 வந்தது. அதைப் பார்க்காமல் ஏழாயிரம், எட்டாயிரம் கொடுத்துப் புது பேட்டரி போட்டிருந்தால், அடுத்த நடவுக்குள் அதுவும் படுத்திருக்கும்.

பழைய பேட்டரியை அப்படியே விட்டுவிடவும் இல்லை. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு மறுநாள் ஹைட்ரோமீட்டரில் பார்த்தான். ஐந்து செல்லில் ஆசிட்டின் அடர்த்தி 1.230க்கு மேல், ஒரு செல்லில் மட்டும் 1.120. ஒரு செல் போனால் பேட்டரி போனதுதான். நாலு வருடம் உழைத்த பேட்டரி, குறை சொல்ல முடியாது. நம் ஊர் பேட்டரிகள் கெடுவது கத்தரி வெயிலில், வெளியே தெரிவது ஐப்பசி மழையில். வெப்பம் உள்ளேயிருக்கும் தகடுகளை அரிக்கிறது, ஈரக்காலையில் இஞ்சின் இறுகி நிற்கும்போதுதான் அந்தப் பலவீனம் தெரிகிறது.

இனி எதை வாங்குவது? பழைய பேட்டரியில் 12 வோல்ட், 75 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தது. அதே அளவு, அல்லது ஒரு படி மேலே, அவ்வளவு போதும் என்பது என் கருத்து. டீசல் இஞ்சினைச் சுற்ற பெட்ரோல் இஞ்சினைவிட அதிக விசை வேண்டும், ஹீட்டர் பிளக்கும் கரண்ட் இழுக்கும். ஆகவே அளவைக் குறைக்கக் கூடாது. மிகப் பெரிதாகப் போட்டால் தட்டில் உட்காராது. அதோடு, பழைய ஆல்டர்னேட்டரோ டைனமோவோ, வீட்டுக்கும் தோப்புக்கும் ஓடுகிற சின்னச்சின்ன ஓட்டத்தில் அதை நிறைக்காது. பாதிச் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகட்டில் வெள்ளை படிந்து, சீக்கிரம் வீணாகும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை ஜீப்பிலும் டிராக்டரிலும் மாட்டுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். அந்த டியூபுலர் பேட்டரி பல மணி நேரம் கொஞ்சங்கொஞ்சமாகக் கரண்ட் கொடுக்கச் செய்தது. செல்ஃப் மோட்டார் சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும்.

மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியா, சீல் வைத்ததா? கடைகளில் இப்போது சீல் வைத்ததைத்தான் முன்னால் எடுத்து வைப்பார்கள். டைனமோவும் கட்-அவுட்டும் உள்ள பழைய வண்டியில் சார்ஜ் ஒரு சமயம் கூடும், ஒரு சமயம் குறையும். கூடினால் தண்ணீர் ஆவியாகும். மூடி உள்ளதென்றால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சரிசெய்யலாம், சீல் வைத்ததில் வழியில்லை. அதனால் அந்த வண்டிகளுக்கு நான் மூடி உள்ளதையே சொல்வேன். போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதிலுள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும்.

பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்க வேண்டும். இடம் மாறினால் கேபிள் எட்டாது. இழுத்து மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டரில் டயோடு எரியும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு டிராக்டர் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேட்டரியில் குத்தியிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். மாதக்கணக்கில் கடையில் தூங்கியது வேண்டாம். வாரண்டி அட்டையில் கார் என்று எழுதாமல், எந்த வண்டிக்குப் போடுகிறீர்களோ அதையே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியில் கிளாம்பு. அந்த ஜீப்பில் பேட்டரியைச் சைக்கிள் டியூபால் கட்டியிருந்தார்கள். வரப்பிலும் ஏரிக்கரையிலும் குதிக்கிற வண்டியில் பேட்டரி ஆடினால் தகட்டிலிருந்து மருந்து உதிர்ந்து அடியில் சேரும், செல் ஷார்ட் ஆகும். பையன் நூறு ரூபாய்க்கு இரும்புக் கிளாம்பு அடித்துக் கொடுத்தான். என் கணக்கில் அன்று செய்த வேலைகளில் நல்ல வேலை அதுதான்.

பழைய பேட்டரியைப் பற்றி அங்கே ஒரு பேச்சு வந்தது. ஊருக்குள் வரும் பழைய சாமான் வியாபாரி கடையைவிட இருநூறு ரூபாய் அதிகம் தருகிறாராம்.

"ஆசிட்ட எங்க ஊத்துவாரு நைனா, கேட்டீங்களா?" என்றான் பையன். பெரியவர் பேசாமல் இருந்தார்.

எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்பதால்தான் செத்த பேட்டரிக்கும் விலை இருக்கிறது. கும்மிடிப்பூண்டி பக்கம் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரித்தெடுக்கும் ஆலைகள் உண்டு. முறையாகப் புகைவடிப்பான் வைத்துச் செய்தால் அந்த ஈயம் மறுபடி பேட்டரியாகும். ஓடைக்கரையில் உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டி, அடுப்பில் உருக்கினால் அந்த ஈயம் மண்ணிலும் புகையிலும் தங்கிவிடும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி பாதிக்கும். மாடுகள் உடைந்த தகட்டை நக்கும், அந்தச் சுவை அவற்றுக்குப் பிடிக்கும். பல்லை நறநறவென்று கடித்து, கண் தெரியாமல், சுவரில் தலையை முட்டி நிற்கிற மாட்டைப் பார்த்தால் கால்நடை மருத்துவரிடம், 'கொட்டகையில் பழைய பேட்டரி கிடந்தது' என்று மறக்காமல் சொல்லுங்கள். 2001லேயே பழைய பேட்டரியை விற்பனையாளர் திரும்ப வாங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்தன. ஆகவே கடையில் மாற்றிக் கொடுத்து, பில்லில் அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

பெரியவர் கடையிலேயே கொடுத்தார். இருநூறு ரூபாய் கொஞ்சம் உறுத்தியிருக்கும் போல, ஆனாலும் கொடுத்தார்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ். முனைகளில் வாசலின் தடவினால் பச்சை பூக்காது. கேள்வி கேட்ட வாசகர் வண்டியின் மாடலையும், பழைய பேட்டரியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும், இஞ்சின் ஓடும்போது மீட்டர் காட்டும் வோல்ட்டையும் ஒரு கார்டில் எழுதி அனுப்பினால், அவர் வண்டிக்கு எது பொருந்தும் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.