செங்கற்பொடியும் ரமேஷ் கிருஷ்ணனும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

டென்னிஸ் மட்டையை நான் இதுவரை கையில் பிடித்ததில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. மலர்க் குழுவில் இருக்கும் நண்பர், "விளையாட்டைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு, கிரிக்கெட் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே ஐந்து கட்டுரை வந்து கிடக்கிறது" என்றார். எனக்குத் தெரிந்த வேறு விளையாட்டு இது ஒன்றுதான். இதையும் ஆடித் தெரிந்துகொள்ளவில்லை. ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில், தரையில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த வீடு ஒரு சொல்தாவின் வீடு. பிரெஞ்சுப் படையில் சேவகம் செய்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். என் அம்மா அங்கே வீட்டு வேலை செய்கிறார். எட்டாவது படிக்கும்போது, பள்ளி விட்டதும் அம்மாவை அழைத்துவரப் போவேன். வேலை முடியும்வரை தாத்தா (நான் அவரை அப்படித்தான் அழைப்பேன்) தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் என்னை உட்கார வைப்பார். ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும்; மோண்டே கார்லோ, பார்சிலோனா, மாட்ரிட், ரோம், கடைசியில் பாரிஸ் என்று இரண்டு மாதத்துக்கு அவர் வேறெதையும் பார்க்கமாட்டார். திரை முழுக்கச் செக்கச்செவேலென்று மண். வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு வருகிறவன் ஆட்டம் முடிந்து போகும்போது, அப்பா வேலை முடிந்து வருவது போலச் சிவந்து போவான். அதனாலேயே எனக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன்.

என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் ஒரு வருடம் அப்பாவுக்குக் கையாளாகப் போய்விட்டுத்தான் இங்கே சேர்ந்தேன். என் வகுப்புத் தோழர்கள் பலரைவிட எனக்கு ஒரு வயது கூடுதலாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

தாத்தா அந்தத் தரையைத் 'தெர் பத்தூ' என்பார். அடித்துக் கெட்டித்த மண் என்று அதற்குப் பொருள். ஆனால் அது மண் அன்று. சுண்ணாம்புக் கல்லைப் பொடித்து ஆறேழு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் செங்கற்பொடியைத் தூவியிருக்கிறார்கள். நாம் திரையில் காணும் சிவப்பெல்லாம் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்! இதைப் படித்த அன்று அப்பாவிடம் சொன்னேன். "நல்ல செங்கல்லையா இடிக்கிறான்?" என்று முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு யோசித்துவிட்டு, "சுர்க்கிதானே அது? சுண்ணாம்புக்கு மேல சுர்க்கி. தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா காத்துல போயிடும்" என்றார். உண்மைதான், பாரிஸிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பிரான்சு தேசத்தை வரைபடத்தில்கூடப் பார்த்திராத மனிதர் அந்தத் தரையைப் பாதிக்குமேல் புரிந்துகொண்டுவிட்டார். பழைய புதுச்சேரி வீடுகளின் சுவர்ப் பூச்சுக்கும் தளத்துக்கும் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்த அதே செங்கற்பொடி அல்லவா!

இனி நம் பாடத்துக்கு வருவோம். புல்தரையில் விழும் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் போகிறது. செங்கற்பொடியில் விழும் பந்தை அந்தச் சொரசொரப்பு பிடித்து இழுக்கிறது. உராய்வினால் கிடைவேகம் குறைகிறது, பந்து செங்குத்தாக எழும்புகிறது. புல்லில் ஒரே அடியில் முடிந்திருக்க வேண்டிய பந்தை, இங்கே எதிராளி சறுக்கிக்கொண்டு ஓடிவந்து எடுத்துவிடுவான். மறுபடி அடிக்க வேண்டும். மறுபடியும் எடுத்துவிடுவான். ஸ்பெயினின் நடால் 2005 முதல் 2007 வரை இந்தத் தரையில் தொடர்ந்து 81 ஆட்டங்களை வென்றார். பாரிஸில் மட்டும் 14 பட்டங்கள். 116 ஆட்டங்களில் தோற்றவை நான்கே நான்கு! இவரேதான் 2004இல், பதினேழு வயதுப் பையனாகச் சென்னைக்கு வந்து ராப்ரெடோவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை எடுத்துப் போனவர். 2025 மே 25 அன்று பாரிஸ் மைதானத்தில் அவருக்குப் பிரிவு விழா எடுத்து, அவருடைய காலடித் தடத்தை ஆடுகளத்திலேயே பதித்தார்கள். தாத்தா மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்தார்.

எனக்கு நடால்மீது வியப்பு உண்டு. ஆனால் ஒட்டுதல் இல்லை. அந்தத் தரைக்கென்றே பிறந்தவன் அந்தத் தரையில் வெல்வதில் எனக்கென்ன செய்தி இருக்கிறது? என் மனம் ஒட்டியது நம் ரமேஷ் கிருஷ்ணனிடம்.

சென்னையில் 1961இல் பிறந்தவர் ரமேஷ். தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். 1962இல் பாரிஸில் காலிறுதி ஆடியவர். மகன் 1979இல் ஒரே கோடையில் பாரிஸிலும் விம்பிள்டனிலும் இளையோர் பட்டங்களை வென்றார். ஒன்று செங்கற்பொடி, மற்றொன்று புல். இதைவிட வேறென்ன தொடக்கம் வேண்டும்? ஆனால் பெரியவர்களின் ஆட்டத்துக்குள் நுழைந்தபின் கதை மாறிவிட்டது. அவருடைய சர்வீஸ் மிகவும் மெதுவானது. பந்தின் வேகத்தை எதிராளியிடமே கடன் வாங்கி, எழும்பும்போதே தொட்டுத் திசை திருப்பி விடுகிற மென்மையான ஆட்டம். வேகமான தரையில் அது அழகாக எடுபடும். செங்கற்பொடியிலோ, கடன் கொடுக்கத் தரை மறுத்துவிடுகிறது! கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் அவர் மூன்று முறை காலிறுதி கண்டார்: அமெரிக்காவில் 1981, 1987, விம்பிள்டனில் 1986. பாரிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. பாரிஸில் மூன்று முறை வாகை சூடிய வில்லாண்டர் உலகின் முதல் ஆட்டக்காரராக இருந்தபோது, 1989இல் ரமேஷ் அவரை வீழ்த்தியதுண்டு. அதுவும் ஆஸ்திரேலியாவின் கடினத் தரையில்தான்.

இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவர் தாத்தா. ஆனால் 1993ஆம் ஆண்டுக் கதையை மட்டும் அவர் பல ஆண்டுகள் சொல்லவில்லை. அதற்கு ஓர் இரவு வரவேண்டியிருந்தது.

சென்ற மே மாதம் முதலாண்டுத் தேர்வில், துணைப்பாடக் கணிதத் தாளில் முதல் கேள்வியே எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதைப் பார்த்தேன், அதுவும் புரியாதது போல் இருந்தது. கை வியர்த்துவிட்டது. அரை மணி நேரம் கழிந்ததும் வெளியே விடுவார்கள் என்று தெரியும். சரியாக அரை மணியில் எழுந்து தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் "நன்றாக எழுதினேன்" என்றேன். மறுநாளே அப்பாவோடு சாரத்தில் ஏறிவிட்டேன். விடுமுறைதானே என்று அவரும் விட்டுவிட்டார். கல்லூரிக்குத் திரும்பப் போவதில்லை என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் இறுதியாட்டம். நம் நேரப்படி மாலை ஆறரைக்குமேல் தொடங்கியது. முந்தின ஆண்டின் வெற்றி வீரர் அல்காரஸ் இத்தாலியின் சின்னரிடம் முதல் இரண்டு செட்டுகளைப் பறிகொடுத்தார். மூன்றாவதை மீட்டார். நான்காவதில் 3-5, அவருடைய சர்வீஸிலேயே 0-40. அதாவது, சின்னருக்கு ஒரு பந்து போதும், மூன்று வாய்ப்புகள் கையில். நான் எழுந்துவிட்டேன். "நேரமாச்சு தாத்தா, காலையில வேலை இருக்கு. இனிமே என்ன இருக்கு?" என்றேன்.

தாத்தா திரும்பிப் பார்த்தார். "உக்காரு தம்பி. உனக்கு எப்பவும் பாதியில எழுந்திரிக்கிறதே வழக்கமாப் போச்சு."

தேர்வுக் கூடத்துச் செய்தி அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வழியே இல்லை. ஏதோ பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. உட்கார்ந்தேன்.

மூன்று பந்துகளையும் அல்காரஸ் காப்பாற்றியது உலகுக்கே தெரிந்த செய்தி. ஆட்டம் 5 மணி 29 நிமிடம் நீடித்து, நம் ஊரில் நள்ளிரவு தாண்டி, அவர் கோப்பையைத் தூக்கினார். ஆனால் எனக்கு அந்த இரவில் கிடைத்தது வேறொன்று. ஐந்தாவது செட்டுக்கு முன்னால் தாத்தா அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னார். அதில் மஞ்சளாகிப்போன ஒரு செய்தித்தாள் துண்டு. 1993 ஜூலை.

டேவிஸ் கோப்பைக் காலிறுதி. அந்த ஆண்டு முதல் சுற்றில் இந்தியா சுவிட்சர்லாந்தை வென்றிருந்தது. அடுத்து பிரான்சு, 1991இல் கோப்பையையே வென்ற அணி. ஆட்டம் அவர்கள் நாட்டில், தென்கடற்கரையில் உள்ள ஃப்ரெழூஸ் நகரில். இந்தியர்கள் புல்தரைக்காரர்கள் என்று தெரிந்து, செங்கற்பொடித் தரையை விரித்துவைத்துக் காத்திருந்தார்கள். நம் பக்கம் லியாண்டர் பயஸ். சென்னையில் அமிர்தராஜ் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர். இருபது வயது நிறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது (இன்று என் வயது). அவரோடு முப்பத்திரண்டு வயது ரமேஷ். விளையாட்டை விட்டு விலகும் தருவாயில் இருந்தவர்.

பயஸ் ஆர்னோ போய்ட்ஷையும் வென்றார், ஆன்ரி லெகோந்தையும் வென்றார். லெகோந்த் 1988இல் பாரிஸ் இறுதிவரை போனவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆட்டக் கணக்கு இரண்டுக்கு இரண்டு என்று ஆகி, எல்லாம் கடைசி ஒற்றையர் ஆட்டத்தில் வந்து நின்றது. அங்கே ரமேஷ், எதிரே ரொதோல்ஃப் ழில்பேர். எந்தத் தரை பதினான்கு ஆண்டுகளாக அவருக்குக் கடன் கொடுக்க மறுத்ததோ, அதே தரை. ரமேஷ் வென்றார்! இந்தியா 3, பிரான்சு 2. அரையிறுதியில் சண்டிகரில் ஆஸ்திரேலியாவிடம் நாம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றோம். அது வேறு கதை. அந்த ஆண்டோடு ரமேஷ் ஓய்வு பெற்றார்.

"நீங்க யார் பக்கம் தாத்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிரான்சுப் படையில் சேர்ந்த புதிதில் அவர் இருந்த முகாம் அந்த ஃப்ரெழூஸில்தானாம். கடல்கடந்த நாடுகளின் சிப்பாய்கள் தங்கிய ஊர் அது. ரோலான் காரோஸ் 1913இல் மத்தியதரைக் கடலை விமானத்தில் தாண்டியதும் அங்கிருந்து கிளம்பித்தான். பாரிஸ் மைதானத்துக்குப் பெயர் தந்த அந்த விமானி பிறந்தது ரெயூனியன் தீவில். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே தீவில். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, "62லதான் ஊரு இந்தியாவோட சட்டப்படி சேர்ந்துச்சு. அவங்கப்பா பாரிஸ்ல காலிறுதி ஆடினதும் அதே வருஷம். எங்களை எந்தப் பக்கம்னு எழுதிக் குடுன்னாங்க. நான் பிரான்சுன்னு எழுதிக் குடுத்தேன். அதுல எனக்குத் தப்பு ஒண்ணும் தெரியல. ஆனா அந்தத் திங்கக்கிழமை பேப்பரை வாங்கினதும், கடைத்தெருவுல நின்னு படிக்க முடியல. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டுப் படிச்சேன்" என்றார்.

"சந்தோஷமா, வருத்தமா?"

"முதல்ல ழில்பேர் பையனை நினைச்சுப் பாவமா இருந்துச்சு. அப்புறம் மறுபடி ஒரு தடவை படிச்சேன்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. திரையில் ஐந்தாவது செட் தொடங்கிவிட்டது.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது, அப்பா கையில் டார்ச் விளக்கோடு திண்ணையில் காத்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தாரென்று தெரியவில்லை. வழியில், மூலக்குளம் பக்கம் போகும் லாரிகளின் வெளிச்சத்தில், தேர்வைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எவ்வளவு நேரம் எழுதணும் அந்தப் பரீட்சை?" என்று மட்டும் கேட்டார். மூன்று மணி நேரம் என்றேன். "அரை மணியில வந்துட்டியா?" என்றார். வீடு வரும்வரை வேறு பேச்சில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது என்னை எழுப்பாமலே போய்விட்டார்.

முடிவு வந்தது, எதிர்பார்த்தபடி தோல்வி. நவம்பரில் மறுபடி எழுதினேன். முதல் கேள்வி இந்தத் தடவையும் தெரியவில்லை. கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். தேறுவேனா என்பதை இதை எழுதும் இன்றுவரை அறியேன். நம் கணிதப் பேராசிரியர் இதைப் படித்தால், டென்னிஸைப் பற்றி எழுதிய நேரத்தில் இரண்டு தொகையீட்டுக் கணக்குப் போட்டிருக்கலாமே என்பார். அவர் சொல்வது நியாயம்தான்.

அந்தத் தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, துய்மா வீதியில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலைக்கு அப்பாவோடு போயிருந்தேன். பூச்சுக்காகச் செங்கல்லை இடித்துச் சலித்துக் குவித்திருந்தார்கள். ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்து, மாலையில் தாத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்தார். இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் நைஸா இருக்கணும்" என்றார். அப்படிச் சொன்னாலும், பொட்டலத்தைக் கவனமாக மடித்து அந்தப் பழைய ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.